ஆபரேஷன் நெஞ்சில், அளப்பது தலையை: ஏன்?

கேள்வி: எங்கள் மகளுக்கு இப்போது 3 மாதம் 20 நாள். 39 வாரத்தில் பிறந்தாள், எடை 2.9 கிலோ, தலைச்சுற்று 33 செ.மீ. பிறந்த அன்றே உடம்பு நீலமாகிவிட்டது. இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறியிருக்கிற டி.ஜி.ஏ. என்ற நோய் என்று சொல்லி, முதலில் இதயத்துக்குள் உள்ள திறப்பைப் பலூனால் பெரிதாக்கினார்கள். பிறகு 9ஆம் நாள் திருவனந்தபுரத்தில், அந்தத் தமனிகளைச் சரியான இடத்துக்கு மாற்றித் தைக்கும் ஆர்ட்டீரியல் சுவிட்ச் ஆபரேஷன் நடந்தது. இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் தலையை டேப்பால் அளந்து, மூளை வளர்ச்சி டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். போன மாதம் 4.85 கிலோ இருந்தாள், இப்போது 5.2. தலை 38.6 செ.மீ. பால் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, பாதியில் தூங்கிவிடுகிறாள். தலை இன்னும் நிற்கவில்லை. கவிழ்த்துப் போடச் சொன்னார்கள். நெஞ்சில் தையல் இருக்கும் பிள்ளையைக் கவிழ்க்கக் கூடாது என்று மாமி தடுக்கிறார்கள். இவள் மற்றப் பிள்ளைகளைப் போல நடப்பாளா, படிப்பாளா? அவளுடைய அப்பா குவைத்தில் இருக்கிறார். இடது கையை எப்போதும் முட்டி பிடித்தே வைத்திருப்பாள், அது பழக்கம்தானே? — ஒரு தாய், கருங்கல் பக்கம், குமரி மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். இடது கையை மூடியே வைத்திருப்பது பழக்கம் அல்ல. முதல் இரண்டு மாதம் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையையும் மூடித்தான் வைத்திருக்கும். மூன்று மாதம் தாண்டும்போது இரண்டும் ஒன்றுபோல விரியத் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்னால் வலது கைப் பழக்கம், இடது கைப் பழக்கம் என்று எதுவும் கிடையாது. ஒரு கை மட்டும் பின்தங்கினால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

உங்கள் மகளின் நோயில் அந்தக் காரணம் மூளையின் வலது பாதியில் இருக்கக்கூடும். சாதாரணமாக இதயத்துக்குத் திரும்பும் ரத்தக்குழாய் வழியே வரும் சிறு ரத்தக்கட்டியை நுரையீரல் வடிகட்டிவிடும். டி.ஜி.ஏ.வில் உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் நேராகப் பெருந்தமனிக்குள் ஏறுகிறது. அதனால் ஒரு சிறு கட்டிகூட மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பிறந்த முதல் நாட்களில் இப்படி நேரும் சிறு பக்கவாதம் அப்போது வெளியே தெரியாது. மூன்று நான்கு மாதத்தில் மூடிய ஒரு கையாகத்தான் முகம் காட்டும். அப்படித்தான் நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிரசவத்தின்போது தோளில் நரம்பு இழுபட்டிருக்கலாம், ஒரே பக்கமாகப் படுக்க வைப்பதும் காரணமாக இருக்கலாம். நேரில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். ஆகவே அடுத்த இதயப் பரிசோதனை வரை காத்திருக்காமல் இந்த வாரமே குழந்தை நரம்பியல் மருத்துவரிடமோ வளர்ச்சி மருத்துவரிடமோ காட்டுங்கள்.

போகுமுன் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். பிள்ளை பசியாறி, முழித்து, அழாமல் இருக்கும் நேரத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். உங்கள் சுண்டுவிரலை அவளுடைய வலது உள்ளங்கையில் வைத்து மெல்ல விரித்துப் பாருங்கள், பிறகு இடது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன் மேல் மூடிக்கிடக்கிறதா? முழங்கையை நீட்டும்போது ஒரு பக்கம் அதிகம் பிடிக்கிறதா? குளிப்பாட்டும்போது இரண்டு காலாலும் சமமாக உதைக்கிறாளா? பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

அடுத்து ஒரு வீடியோ. மெல்லிய உடையோடு, கையும் காலும் திறந்திருக்க, மல்லாக்கப் படுத்தபடி, மேலிருந்து முழு உடம்பும் தெரிய, 3 முதல் 5 நிமிடம் எடுங்கள். பொம்மை காட்டாதீர்கள், பேசாதீர்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள். 9 முதல் 20 வாரம் வரையுள்ள பிள்ளைகளின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதாக, எல்லாத் திசையிலும், விடாமல் அசைந்துகொண்டே இருக்கும். பயிற்சி பெற்ற மருத்துவர் அந்த அசைவு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே, பின்னால் தசை இறுக்கமோ பக்கவாதமோ வரக்கூடுமா என்பதை நிறையச் சொல்லிவிடுவார். பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து வாரம் எண்ணுவார்கள். உங்கள் மகள் ஒரு வாரம் முன்னால் பிறந்ததால் இப்போது 15 வாரம் ஆகிறது. இந்த அசைவைப் பார்க்கும் காலம் இன்னும் சில வாரத்தில் முடிந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம். உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேனில் மூளையின் ஓரத்தில் இருக்கும் சிறு சேதம் தப்பிவிடும். நெஞ்செலும்பைக் கட்டிய எஃகுக் கம்பி பொதுவாக எம்.ஆர்.ஐ.க்குத் தடை இல்லை. ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி தலையை ஏன் அளக்கிறார்கள் என்பது. ஆபரேஷனால் மூளை கெட்டதோ என்று பல பெற்றோரும் அஞ்சுகிறார்கள். கதை அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. கருவில் பிள்ளைக்கு ஆக்சிஜன் நச்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக வருகிறது. அந்த நல்ல ரத்தத்தின் பெரும்பகுதி இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள திறப்பைக் கடந்து இடப்பக்கம் போய், பெருந்தமனி வழியாக முதலில் மூளைக்கு ஏறும். இயற்கை மூளைக்குத் தந்திருக்கும் முன்னுரிமை அது. டி.ஜி.ஏ.வில் இடக் கீழறையிலிருந்து புறப்படுவது நுரையீரல் தமனி. ஆகவே நல்ல ரத்தம் நுரையீரலுக்கும் வயிறு, கால் பக்கத்துக்கும் போய்விடுகிறது. உடம்பைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்து திரும்பிய ரத்தம்தான் மூளைக்குக் கிடைக்கிறது. இடப்பக்க இதயமே வளராத பிள்ளைகளுக்கு நிலைமை வேறு விதம்: ரத்தம் எதிர்த்திசையில் சுற்றி வந்துதான் மூளையை எட்டும்.

இது நடப்பது கடைசி மூன்று மாதத்தில். மூளை மடிப்பு விழுந்து வேகமாகப் பெருக்கும் காலம் அது. 34 வாரத்தில் மூளையின் எடை நிறைமாத எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அந்த நேரத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வளர்ச்சி பின்தங்குகிறது. டி.ஜி.ஏ.வோடும், இடப்பக்கம் வளராத இதயத்தோடும் நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், மூளையின் முதிர்ச்சி சராசரியாக ஒரு மாதம் பின்தங்கியிருந்தது. உங்கள் மகள் 39 வாரத்தில் பிறந்தாலும் அவளுடைய மூளை எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளையின் மூளையைப் போல இருந்திருக்கக்கூடும்.

இதனால் என்ன? மூளையில் செய்தி கடத்தும் இழைகளின் மேல், மின்கம்பிக்கு ரப்பர் உறை போல, ஒரு கொழுப்பு உறை படிய வேண்டும். அந்த உறையைப் போர்த்தும் செல்கள் முதிராத நிலையில் ஆக்சிஜன் குறைவையும் ரத்த அழுத்தம் இறங்குவதையும் தாங்காது. குறைமாதப் பிள்ளைகளின் மூளையில் காணும் அதே வகை வெண்பொருள் (அந்த இழைகள் ஓடும் பகுதி) சேதம், நிறைமாதத்தில் பிறந்த இதயப் பிள்ளைகளிடமும் காணப்படுவது இதனால்தான். பிறந்த பிறகு நீலம் பாரித்த நாட்கள், ஆபரேஷனில் உடம்பைக் குளிர்வித்து ரத்தத்தை இயந்திரம் சுற்றிய நேரம், அதற்குப் பின் ஐ.சி.யூ. நாட்கள் எல்லாம் அந்த இளமூளையின் மேல்தான் விழுகின்றன. இவ்வளவையும் கடந்து வந்திருக்கிறாள் உங்கள் மகள். கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதோ நடந்ததோ வேலை செய்ததோ இதற்குக் காரணம் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மூளை வளர்வதற்கு வீட்டிலேயே அளக்கக்கூடிய ஒரே சாட்சி தலைச்சுற்று. நீட்சி இல்லாத டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி, மூன்று முறை அளந்து, பெரிய அளவை எழுத வேண்டும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., பிறகு ஒரு வயது வரை அரை செ.மீ. என்பது பொதுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 4 மாதப் பெண் பிள்ளையின் நடு அளவு 40.6 செ.மீ.; கீழ் எல்லை 38 செ.மீ. அருகில். உங்கள் மகளின் 38.6 எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் பிறந்தபோது நடுக்கோட்டுக்குச் சற்றே கீழே இருந்தவள் இப்போது இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறாள். எடையும் அட்டவணைக் கோட்டில் அப்படியே இறங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளைக்குப் போதுமான பால் போகிறதா என்பது.

போகவில்லை. மாதத்தில் 350 கிராம் என்றால் நாளுக்கு 12 கிராம்தான். இந்த வயதில் நாளுக்கு 20 கிராம் ஏற வேண்டும். முக்கால் மணி நேரம் பால் குடிப்பது பிள்ளைக்குக் கடின உழைப்பு. குடித்த கலோரியில் ஒரு பகுதி குடிப்பதிலேயே செலவாகிறது. அதனால் ஒரு வேளைப் பால் 25, 30 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். மீதியைப் பிழிந்து பாலாடையிலோ சங்கிலோ கொடுங்கள். முதலில் வரும் பால் நீர்த்திருக்கும், பின்னால் வருவதில் கொழுப்பு அதிகம். முதல் சில நிமிடப் பாலைப் பிழிந்து தனியே வைத்துவிட்டு, பின்பாலை அவள் குடிக்கும்படி மாரில் போடுங்கள். எவ்வளவு குடிக்கிறாள் என்று அறிய, 5 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசில், அதே உடையோடு, பால் கொடுக்குமுன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். ஏறிய ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி.

ஒரு கணக்கும் சொல்கிறேன். எடை மீண்டும் ஏற கிலோவுக்கு 120 கலோரியாவது தேவை என்று வைத்தால், 5.2 கிலோவுக்கு 624 கலோரி. தாய்ப்பால் 100 மில்லியில் சுமார் 67 கலோரி. அப்படியென்றால் நாளுக்கு 930 மில்லி போக வேண்டும். இந்த எடையில் சாதாரணமாகப் பிள்ளைகள் குடிப்பது 780 மில்லி அளவு. பாதியில் தூங்கும் பிள்ளையால் 930 எட்டாது. ஆகவே பிழிந்த பாலில் கலோரி கூட்ட வேண்டி வரலாம். எதை, எத்தனை கிராம் சேர்ப்பது என்பதை மருத்துவரோ உணவு நிபுணரோ எழுதித் தர வேண்டும். டப்பாப் பால்பொடியைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுக்கும் வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். சிறுநீரகமும் குடலும் தாங்காது.

அதற்கும் முன்னால் எக்கோ என்ற இதய ஸ்கேன். ஆர்ட்டீரியல் சுவிட்சுக்குப் பிறகு அதிகம் காணும் சிக்கல், வால்வுக்கு மேலே, தைத்த இடத்தில் நுரையீரல் தமனி குறுகுவது. பாலில் களைப்பதற்கு அது காரணமில்லை என்று இதய மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, தூங்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் மூச்சு 50க்கு மேல் போவது, உதடு கருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள். அழுகைச் சத்தம் கரகரத்து, பால் குடிக்கும்போது இருமினால் அதையும் சொல்லுங்கள். ஆபரேஷனில் குரல்நாண் நரம்பு அசதியானால் அப்படி வரும், பால் மூச்சுக்குழாயில் இறங்கும்.

இப்போது மாமிக்கு. அவர்கள் தடுப்பது பிள்ளை மேல் உள்ள பிரியத்தால். அதில் பாதி சரியும்கூட. நெஞ்செலும்பு சேர 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கக் கூடாது, நெஞ்சில் பாரம் விழக் கூடாது. உங்கள் மகளுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் தாண்டிவிட்டது. தையல் ஆறியிருந்தால் கவிழ்த்துப் போடலாம். அறுவைச் சிகிச்சை செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். இதயப் பிள்ளைகளின் கழுத்தும் தோளும் பின்தங்குவதற்கு மூளை மட்டும் காரணம் அல்ல. வாரக்கணக்கில் மல்லாக்கக் கிடந்ததும், வீட்டுக்கு வந்த பின் பயத்தால் யாரும் கவிழ்க்காததும் பெரிய காரணம்.

தொடக்கத்தில் தரை வேண்டாம். நீங்கள் தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, அவளை உங்கள் நெஞ்சின் மேல் கவிழ்த்துப் படுக்கவையுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்குவாள். பால் குடித்து முக்கால் மணி நேரம் கழித்து, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம், நாளுக்கு ஐந்தாறு தடவை. ஒரு வாரம் போனதும் பாயில் விடுங்கள். ஒரு துண்டைக் கைமுட்டி அளவுக்குச் சுருட்டி அக்குளுக்குக் கீழே நெஞ்சின் குறுக்கே வைத்து, இரண்டு முழங்கையும் தோளுக்கு நேர் கீழே வரும்படி முன்னால் எடுத்து வையுங்கள். அவளுடைய முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் நீங்களும் குப்புறப் படுத்துப் பேசுங்கள். முனகினால் ஒரு கை இடுப்பில் லேசாக அழுத்தியிருக்கட்டும், தலை தூக்க எளிதாகும். கதறி அழுதால் எடுத்துவிடுங்கள். எல்லாம் சேர்த்து நாளுக்கு 30 நிமிடம் எட்டுவதுதான் இலக்கு. முழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தூக்கம் எப்போதும் மல்லாக்கத்தான்.

இடது கைக்கு வேலை கொடுங்கள். சிவப்புத் துணிப் பந்தை இடப்பக்கம் காட்டுங்கள். சுருட்டிய கைக்குட்டையை அந்த உள்ளங்கையில் வைத்து, இரண்டு கையையும் நடுவே சேர்த்துப் பிடித்து, அவளுடைய முகத்தைத் தொடவிடுங்கள். விரலை வலிந்து இழுத்துத் திறக்காதீர்கள். கையின் புறத்தை மெல்லத் தடவினால் தானாக விரியும். பக்கவாதம் என்று தெரிந்தால், நல்ல கைக்குக் கொஞ்ச நேரம் மெல்லிய உறை போட்டு மற்றக் கையைப் பழக்கும் பயிற்சியை ஒரு வயதுக்குள்ளேயே தொடங்க முடியும். அது சிகிச்சையாளர் கற்றுக்கொடுத்துச் செய்ய வேண்டியது.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. தலைகீழாகப் பிடித்து உதறுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, நாக்கில் வசம்பு, உரைமருந்து, தேன் எதுவும் வேண்டாம். நடைவண்டி வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், சக்கரம் வைத்து உட்காரவைக்கும் வாக்கரை வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பாவோடு வீடியோ காலில் பேசும் நேரம் தவிர, இரண்டு வயது வரை கைபேசித் திரையும் வேண்டாம்.

காதைப் பரிசோதித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஐ.சி.யூ.வில் கொடுக்கும் சில ஆன்டிபயாடிக்கும் நீர் இறக்கும் மருந்தும் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும். பிறந்தபோது செய்த ஓ.ஏ.இ. என்ற காதுப் பரிசோதனை சரி என்று விட்டுவிடாமல், செவி நரம்பு மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனையை 9 மாதத்துக்குள் செய்துவிடுங்கள். பேச்சு வராததற்கு மூளையைப் பழித்துக்கொண்டிருந்து, கடைசியில் காது என்று தெரிவது நடக்கக் கூடாது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தைப் பற்றியும் கேளுங்கள். ரத்தச்சோகை மூளை வளர்ச்சியை நேரடியாகப் பிடித்து நிறுத்தும். 6 மாதத்தில் உணவு தொடங்கும்போது, நம் ஊர் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடிக் கூழ் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. அதில் சிறுபயறு, முட்டை மஞ்சள்கரு, முள் எடுத்து மசித்த மீன் ஏதாவது ஒன்றும், அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும் சேர்த்து, கரண்டியில் நிற்கும் பதத்தில் கொடுங்கள். உப்பும் சீனியும் ஒரு வயது வரை தேவையில்லை.

நடப்பாளா, படிப்பாளா என்று கேட்டீர்கள். பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை உங்கள் மகளைப் போலவே டி.ஜி.ஏ.வுக்கு ஆபரேஷன் ஆன பிள்ளைகளை 16 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பொது அறிவுத்திறனில் பெரும்பாலோர் மற்றவர்களுக்கு அருகிலேயே இருந்தார்கள். ஆனால் கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, வேலையைத் திட்டமிட்டு முடிப்பது, படம், வடிவம், இடம் சார்ந்த கணக்குகள், மற்றவர் மனதைப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் சிரமம் தெரிந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பள்ளிக் காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் கூடுதல் உதவி தேவைப்பட்டது. இந்தச் சிரமங்கள் நான்கு மாதத்தில் தெரியாது. பல பிள்ளைகளிடம் மூன்றாம், நான்காம் வகுப்பில்தான் வெளியே வரும். அப்போது டீச்சர் சோம்பேறி என்பார், வீட்டில் அடி விழும். நெஞ்சு ஆபரேஷனுக்கும் கணக்கில் தடுமாறுவதற்கும் தொடர்பு உண்டு என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. இதனால்தான் அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் வெளியிட்டு 2024இல் புதுப்பித்த அறிக்கை, கைக்குழந்தைப் பருவத்தில் இதய அறுவை ஆன பிள்ளைகளைப் பள்ளி வயது தாண்டியும் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறது. ஒன்றரை வயது அளவில் ஒரு முறை, பள்ளியில் சேர்க்குமுன் ஒரு முறை, ஆறாம் வகுப்பு அளவில் ஒரு முறை என்பதை இப்போதே ஆபரேஷன் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

போகும் இடம்: பிள்ளைகளின் உடல்நலத்துக்கான ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில், வளர்ச்சி பின்தங்கும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே உதவ மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு மையம் உண்டு. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் தெரியும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ விசாரியுங்கள். இதயப் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போகும் நாளிலேயே, அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் இயங்கும் குழந்தை வளர்ச்சி மையத்தையும் பார்த்து வரலாம். அவர்கள் உருவாக்கிய 17 படிகள் கொண்ட திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை இரண்டு வயது வரை வீட்டிலேயே பார்க்க எளிதானது: பிள்ளையின் வயதில் பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் உள்ளவற்றில் எதைச் செய்யவில்லை என்று பார்ப்பதுதான் முறை. 5 மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால், 9 மாதத்தில் உட்காராவிட்டால், 10 மாதத்தில் மழலை இல்லாவிட்டால் தானாக வரும் என்று இருக்க வேண்டாம்.

கணவர் தூரத்தில், ஐ.சி.யூ. வாசலில் கழிந்த நாட்கள், இரவெல்லாம் மூச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது: இது உங்களையும் களைக்கவைத்திருக்கும். தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல், காரணமின்றி அழுகை வந்துகொண்டிருந்தால் அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். தாயின் மனச்சோர்வுக்குச் சிகிச்சை செய்வது பிள்ளையின் மூளைக்குச் செய்யும் சிகிச்சைகளில் ஒன்று. இரவில் ஒரு வேளைப் பாலை மாமி பாலாடையில் கொடுக்கட்டும், நீங்கள் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்குங்கள்.

நாளை காலைப் பாலுக்குப் பிறகு அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். இடது கை போர்வைக்குள் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.